இடது கை பிரேக்: வான்கூவர் ஸ்டான்லி பார்க் சைக்கிள் சுற்றுலாவில் நடந்த ஒரு விழுதல்

விழுந்தவர் என் சித்தப்பா. வயது 64. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிளும், வேலைக்குப் போன பிறகு ஸ்கூட்டரும் ஓட்டியவர். விழுந்த இடம் கனடாவின் வான்கூவர் நகரில், ஸ்டான்லி பார்க்கைச் சுற்றிப் போகும் கடலோரப் பாதையில், சிவாஷ் பாறைக்குச் சற்று முன்னால் வரும் வளைவு. அவர் வேகமாகப் போகவில்லை. மழை இல்லை, பாதை காய்ந்து கிடந்தது. சைக்கிளில் கோளாறு இல்லை. யாரும் வந்து இடிக்கவும் இல்லை. கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் இருந்தார்.

அப்படியிருந்தும் ஏன் விழுந்தார் என்று அன்றிலிருந்து யோசித்து, அவரிடமும் வழிகாட்டியிடமும் கேட்டு, அந்த வளைவுக்குத் திரும்பப் போய்ப் பார்த்து இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை, மாமா அத்தையை இப்படி ஒரு சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிற நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

பாதையும் குழுவும்

ஸ்டான்லி பார்க் நகரத்தின் நுனியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காடு. சுமார் 405 ஹெக்டேர். மூன்று பக்கம் கடல். ராணுவத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலத்தை, 1886-இல் உருவான நகர மன்றம் பூங்காவுக்காகக் கேட்டு வாங்கியது. 1888 செப்டம்பரில் பூங்கா திறக்கப்பட்டது. அப்போதைய கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

அதைச் சுற்றி ஓடும் பாதைக்கு ஊரில் ‘சீவால்’ என்று பெயர். கடல் அரிப்பைத் தடுக்கக் கட்டிய கற்சுவர், அதன் தலையில் பாதை. 1917-இல் தொடங்கிய வேலை. பூங்காவைச் சுற்றிய வட்டம் முழுதாக முடிந்தது என்று அறிவித்தது 1980-இல். ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கொத்தனார் முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருந்து, வட்டம் முடிவதைப் பார்க்காமலே 1963-இல் இறந்துபோனார். சிவாஷ் பாறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. அன்று எங்கள் முதலுதவி நடந்தது அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான்.

பூங்காவைச் சுற்றி சுமார் 9 கிலோமீட்டர். சைக்கிள்களுக்கு இது ஒருவழிப் பாதை. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மட்டுமே போகலாம். கடல் எப்போதும் வலது கைப் பக்கம். நடப்பவர்களுக்குக் கடலோரமாகத் தனித் தடம், சைக்கிளுக்கு உள்பக்கம். இந்த ‘வலது கைப் பக்கம்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழுவில் ஏழு பேர். சித்தப்பா, சித்தி, நான், என் அக்காவின் 13 வயது மகள், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தம்பதி, தனியாக வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி. வழிகாட்டி இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். ஜூலை மாதம், காலை 10 மணி. டென்மன் தெருவும் ஜார்ஜியா தெருவும் சேரும் பக்கம் சைக்கிள் வாடகைக் கடைகள் நிறைய. அப்படி ஒரு கடையிலிருந்து கிளம்பினோம். மூன்று மணி நேரச் சுற்றுலா என்று பேச்சு.

கிளம்பும் முன் பத்து நிமிடம் விளக்கம். நன்றாகவே சொன்னார். இந்த மாகாணத்தில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் என்றார், ஒவ்வொருவருக்கும் வாரை இழுத்துச் சரிசெய்தார். சீட்டு உயரம் பார்த்தார். வலது ஓரமாகப் போங்கள், முந்துகிறவர் இடப்பக்கமாக முந்துவார் என்றார். மணி அடித்துக் காட்டினார். கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், “இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்” என்றார். ஏழு பேரும் பிடித்துப் பார்த்தோம். இரண்டும் பிடித்தன. சரி என்று கிளம்பிவிட்டோம்.

எது முன் பிரேக், எது பின் பிரேக் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நேரம் போன இடம்

கோல் ஹார்பர் கரையில் போகும்போது சித்தப்பாவுக்குப் பக்கத்தில் வந்து, இந்தத் தண்ணீரில்தான் 1914-இல் கோமகாட்டா மாரு கப்பல் நின்றது என்று சொன்னேன். பெரும்பாலும் பஞ்சாபிகளான 376 இந்தியர்கள். மே 23 முதல் ஜூலை 23 வரை இரண்டு மாதம் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மிகச் சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. கப்பலைப் போர்க்கப்பல் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மிதித்தார்.

ப்ராக்டன் முனையில் குலக்குறிக் கம்பங்கள் (பூர்வகுடியினர் மரபில் செதுக்கிய உயரமான மரத் தூண்கள்) நிற்கின்றன. எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம். அங்கே வழிகாட்டி சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. இந்தக் கம்பங்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின் மக்களுடையவை அல்ல. வடக்கே வெகு தொலைவில் வாழும் இனங்களுடைய மரபைச் சேர்ந்தவை. 1920-களில் தொடங்கி வான்கூவர் நகரத்து ஆட்கள் அவற்றைச் சேகரித்து, பூங்காவில் நட்டார்கள். பழைய கம்பங்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட, இப்போது நிற்பவற்றில் பல அவற்றின் பிரதிகளும் மாற்றாகச் செதுக்கியவையும். இந்த மண்ணின் கைவேலை என்றால் ராபர்ட் யெல்டன் என்ற, இங்குள்ள பூர்வகுடியான ஸ்குவாமிஷ் இனத்துச் சிற்பி செதுக்கி 2009-இல் நட்ட கம்பம்தான். அவருடைய தாய் இந்தப் பூங்காவுக்குள்ளேயே வாழ்ந்தவர். அவர் நினைவாக நட்டது.

“பூங்காவுக்குள்ள வீடா?” என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் லம்பர்மென்ஸ் ஆர்ச் என்ற இடத்தில் கிடைத்தது. புல்வெளி, மர வளைவு, குழந்தைகள் தண்ணீரில் விளையாடும் இடம். அங்கே ஹ்வாய்ஹ்வாய் என்ற ஊர் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வாழ்ந்து, சாப்பிட்டுப் போட்ட கிளிஞ்சல்கள் மேடாகக் குவிந்து கிடந்தன. 1888-இல் பூங்காவுக்குச் சாலை போட வந்தவர்கள் அந்த ஊரின் ஊடாகவே அளந்தார்கள். அந்தக் கிளிஞ்சலையே வெட்டி எடுத்துச் சாலையில் பரப்பினார்கள். ப்ராக்டன் முனையில் வீடு கட்டி வாழ்ந்த குடும்பங்கள் மீது 1920-களில் வழக்குப் போட்டு, அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் அங்கேயே இருந்த கடைசி ஆள் டிம் கமிங்ஸ். அவர் 1958-இல் இறந்தார்.

வழிகாட்டி இதை மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சித்தப்பா என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள், பட்டா மாதிரி காகிதம் ஏதும் இல்லையா, கோர்ட்டில் யார் சாட்சி சொன்னார்கள் என்று. அமெரிக்கப் பெண்மணியும் சேர்ந்துகொண்டார். சுற்றுலா என்றால் இதற்குத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாகச் சுற்றினால் அது வெறும் புல்வெளி.

பத்து நிமிடத்துக்குத் திட்டமிட்ட நிறுத்தம் அரை மணி நேரம் ஆனது. வழிகாட்டிக்கு 1 மணிக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த குழு காத்திருக்கும். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மிதித்த வேகம் கூடியது. இதை நான் அப்போது கவனிக்கவில்லை. பின்னால் போட்டோக்களின் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முற்பகலில் ஒட்டினாற்போல் வந்த குழு, லயன்ஸ் கேட் பாலத்துக்கு அடியில் போகும்போது நீளமாகிவிட்டது. முன்னால் வழிகாட்டியும் மெக்சிகோத் தம்பதியும். நடுவில் அக்கா மகளும் சித்தப்பாவும். பின்னால் சித்தியும் அமெரிக்கப் பெண்மணியும். கடைசியில் நான்.

விழுதல்

1938-இல் திறந்த அந்தப் பாலத்தைத் தாண்டிய பிறகு பாதையின் குணம் மாறுகிறது. இடப்பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு, வலப்பக்கம் கடல். தேர்ட் பீச் வரும் வரை சுமார் 2 கிலோமீட்டருக்கு, வண்டி வரக்கூடிய சாலைக்கு ஏறும் வழி சுலபமாகக் கிடைக்காது. 2006 டிசம்பர் புயலில் பூங்காவில் சுமார் 10,000 மரங்கள் விழுந்தபோது, இந்தப் பகுதியில் சரிவு இடிந்து, பாதையை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். அழகும் அதிகம், ஒதுக்கமும் அதிகம்.

வளைவு திரும்பியதும் சிவாஷ் பாறை தெரியும். கடலுக்குள் தனியாக நிமிர்ந்து நிற்கும் எரிமலைப் பாறை. உச்சியில் சின்னதாக மரம். யாராக இருந்தாலும் கை நீட்டிக் காட்டத்தான் தோன்றும்.

சித்தப்பாவும் வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பாறையைக் காட்டி, பின்னால் வரும் சித்தியைக் கூப்பிட்டார். அதே நேரம் அவருக்கு முன்னால் போன பிள்ளை, போட்டோ எடுக்க வேண்டுமென்று சட்டென்று நின்றுவிட்டாள். சித்தப்பா இடது கையால் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன் சக்கரம் நின்றது, அவர் நிற்கவில்லை. ஹேண்டில் மடிந்து, இடப்பக்கமாகச் சரிவை ஒட்டி விழுந்தார். இடது முழங்கை தேய்ந்தது. மணிக்கட்டு மடங்கியது. ஹெல்மெட் பக்கவாட்டில் தரையில் உரசியது. வலப்பக்கம் விழுந்திருந்தால் நடப்பவர்கள் மேல் விழுந்திருப்பார்.

வழிகாட்டி அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம், பார்வையில் இல்லை. ஒருவழிப் பாதையில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரவும் முடியாது. பிள்ளை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நடைபாதையில் ஓடி வந்து சேர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடம் எனக்கு நீளமாக இருந்தது.

வந்த பிறகு அவர் செய்தது எல்லாம் சரியாகச் செய்தார். எழுந்திருக்க முயன்ற சித்தப்பாவை உட்கார வைத்தார். பெயர், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டார். அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தலையில் அடிபட்ட வயதானவர்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியிலும் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். சித்தப்பா பிரஷர் மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறார் என்று சித்தி சொன்னார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, மணிக்கட்டைத் துணியால் தாங்கலாகக் கட்டினார். “இனி ஓட்ட வேண்டாம், நடந்தே போவோம்” என்றார். எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தேர்ட் பீச் போய்ச் சேர்ந்தோம். “ஒண்ணுமில்லய்யா, சிராய்ப்புதான்” என்று வழியெல்லாம் சித்தப்பா எல்லோரையும் தேற்றிக்கொண்டே வந்தார்.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார்

தேர்ட் பீச்சில் டாக்ஸிக்குக் காத்திருந்தோம். சித்தப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, தன் சைக்கிளின் முன் பக்கத்தை என்னைத் தூக்கச் சொன்னார். நல்ல கையால் முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதே கையால் இடது பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் டக்கென்று நின்றது.

“தம்பி, இங்க பாரு. இடது கைல முன் வீல் நிக்குது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் பெரும்பாலும் வலது கைப்பிடி முன் பிரேக், இடது கைப்பிடி பின் பிரேக். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் எல்லாம் அப்படித்தான். வட அமெரிக்காவில் தலைகீழ். அமெரிக்காவில் விற்கும் சைக்கிளுக்கு வலது கை பின் பிரேக் என்று பாதுகாப்பு விதியிலேயே எழுதியிருக்கிறது; கனடாவிலும் அதே வழக்கம். இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். எதிர் வண்டிகளைக் கடந்து திரும்ப வலது கையை நீட்டிக் காட்ட வேண்டும். அப்போது ஹேண்டிலில் இருப்பது இடது கை மட்டும். ஒரே கையால் பிடிக்கும்போது பின் பிரேக்காக இருந்தால் ஆபத்து குறைவு. வலப்பக்கம் போகிற நாடுகளில் நீட்டுவது இடது கை, பிடிப்பது வலது கை. அந்தந்த ஊருக்கு அந்தந்த ஏற்பாடு சரிதான். ஆள் ஊர் மாறும்போதுதான் சிக்கல்.

சித்தப்பாவின் கதையில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. அவர் பழகிய பெரிய சைக்கிளில் கம்பி பிரேக். பிரேக் கட்டை ரிம்மின் அடிப்பக்கத்தில் போய் உரசும். நல்ல பலம் கொடுத்து அமுக்கினால்தான் வண்டி நிற்கும். இந்த வாடகைச் சைக்கிளில் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் கேபிள் பிரேக். இரண்டு விரல் போதும். ஐம்பது வருடமாக முழு பலத்தோடு அமுக்கிப் பழகிய கை, முன் பிரேக்கை முழு பலத்தோடு அமுக்கியது. இரண்டாவது, ஸ்கூட்டர். கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் இடது கைப்பிடி பின் பிரேக். ஆக அவருடைய இடது கைக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பாடம்தான்: அவசரமென்றால் என்னைப் பிடி, பயமில்லை.

முன் பிரேக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. வண்டியை நிறுத்துவதில் அதற்குத்தான் சக்தி அதிகம், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. ஆனால் ஒரு கை காற்றில் இருக்க, உடம்பு கடல் பக்கம் திரும்பியிருக்க, வளைவில் அதை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் மடியும். எந்தத் தவறும் செய்யாத, அனுபவமுள்ள ஆள்தான் இதில் விழுவார். புதிதாகக் கற்கிறவர் ஒரு கையைக்கூட எடுக்கவே மாட்டார்.

அவசரத்தில் குழு நீண்டது, பிள்ளை திடீரென நின்றது, பின்னால் யாரும் பொறுப்பில் இல்லாதது எல்லாம் உண்மைதான். நான் வழிகாட்டியிடம் அடுத்த நாள் போனில் பேசியபோது அவர் முதலில் சொன்னதும் குழு நீண்டதைத்தான். தான் மெதுவாகப் போயிருக்க வேண்டும் என்று வருந்தினார். அது அவர் நேர்மை. ஆனால் என் முடிவு வேறு. குழு நெருக்கமாக வந்திருந்தாலும், வழிகாட்டி பக்கத்திலேயே இருந்திருந்தாலும், அந்த இடது கை அப்படித்தான் பிடித்திருக்கும். தூரம் கூடியதால் உதவி வரத்தான் தாமதமானது. விழுதலுக்கான காரணம் காலை 10 மணிக்கு, கடை வாசலில், “இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்” என்ற இடத்திலேயே இருந்தது. அங்கே ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும்: நீங்கள் எந்த ஊரில் சைக்கிள் பழகினீர்கள்?

அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கலாம். இந்த ஊரில் பல வருடமாக ஓட்டுகிறேன். என் கை எப்போது மாறிப் பழகியது என்றே எனக்கு நினைவில்லை. பழகியதால் மறந்தேன், மறந்ததால் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு மட்டும். பார்வையாளராக வருகிறவர்களுக்கு மாகாணத்தின் இலவச மருத்துவம் கிடையாது. பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் செலவு தாங்கியது. ஊரிலிருந்து அழைக்கிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது முறை

பதினாறு நாள் கழித்து, கட்டு அவிழ்த்த மூன்றாவது நாள், சித்தப்பா அந்தப் பாறையின் கதையைக் கேட்காமல் ஊருக்குப் போக மாட்டேன் என்றார். சித்திக்கு மனசே இல்லை. நான் அதே வழிகாட்டியை அழைத்துக் கேட்டேன், வரச் சொன்னார்.

கடை வாசலில் அன்று வேறு ஒரு குழு. விளக்கம் முக்கால்வாசி முன்பு கேட்டதுதான். கடைசியில் மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொருவரிடமும் எங்கே சைக்கிள் பழகினீர்கள் என்று கேட்டார். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, இடது பிரேக்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர், “அட, மாறியிருக்கிறதே” என்றார். கை எடுக்க வேண்டுமானால் முதலில் நிறுத்துங்கள், நிற்கப் போகிறவர் குரல் கொடுத்துவிட்டு நில்லுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். குழுவின் கடைசியில் வர ஒரு ஆளையும் பெயர் சொல்லி நியமித்தார்.

சித்தப்பா தன் ஏற்பாட்டோடு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ரப்பர் பேண்டை எடுத்து வலது பிரேக் பிடியில் மூன்று சுற்றுச் சுற்றினார். “சிவப்புதான் பின்னாடி” என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். கடை முன்னால் இருந்த காலி இடத்தில் பத்து தடவை போய்ப் போய் நின்று பார்த்தார். அக்கா மகள், “தாத்தா, போதும் வாங்க” என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

பாறைக்கு வந்து சேர்ந்தோம். அலை தாழ்ந்திருந்தது. ‘சிவாஷ்’ என்ற சொல் இங்குள்ள பூர்வகுடியினரை இழிவாகக் குறிக்க வழங்கிய சொல் என்று வழிகாட்டி முதலில் சொன்னார்; ஸ்குவாமிஷ் மொழியில் அதற்கு வேறு பெயர் உண்டு என்று அதை இரண்டு முறை உச்சரித்துக் காட்டினார். பிறக்கப் போகும் பிள்ளைக்காகத் தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஒரு தகப்பன் இந்தத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தான். தெய்வ சக்தி கொண்டவர்கள் படகில் வந்து வழிவிடச் சொன்னார்கள். அவன் விலகவில்லை. அந்த உறுதிக்காக அவனை அழியாத கல்லாக நிற்க வைத்தார்கள் என்பது கதை. சித்தி முழுக்கக் கேட்டார்.

சித்தப்பா கதை முடியும் வரை இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கையையும் ஹேண்டிலிலேயே வைத்திருந்தார். அப்புறம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கல் ஆடுகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு தடவை சைக்கிளை அசைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வலது கையை நீட்டி, “அந்தா, மேல ஒரு மரம் நிக்கு பாரு” என்று சித்திக்குக் காட்டினார்.